அறுபத்து நான்கு, இரண்டு வழிகளில்

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.
அதற்கு ஐந்தடி வில் தாராளம் என்றார்
கடைக்காரர், ஓசூரிலிருந்து, போனில்,
என் கையைப் பார்க்காமலே.

ஆள் வராமல் ரவிக்கைக்கு அளவு சொல்லி அனுப்புகிறவர்கள்
எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன்.
"முப்பத்தாறு, அவ்வளவுதான், தைச்சிடு."
அது எப்படி அவ்வளவுதான்?

காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டேப்பின் ஒரு முனையைக் குண்டூசியால்
காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில் குத்தினேன்.
சுவரில் முதுகு. விரித்த கைகள்.
மறுமுனை பிடிக்க ஆளில்லை,
நடுவிரல் நின்ற இடத்தில் சுண்ணாம்பை நகத்தால் கீறினேன்.
அறுபத்தேழரை.

மறுபடி அளந்தேன். பிறத்தியார் உடம்பை
நான் இரண்டாம் முறை அளப்பதில்லை.
அறுபத்தேழரையேதான்.
பள்ளிக்கூடத்தில் குரங்குக் கை என்றவர்கள்
கணக்கில் தப்பு செய்யவில்லை.

இரண்டரையால் வகுத்தால் இருபத்தேழு, அது என் இழுப்பு.
ஐந்தடி வில்லை அவ்வளவு இழுத்தால்
கடைசி இரண்டு அங்குலத்தில் நாண்
வழக்குப் போட்ட பங்காளி மாதிரி விறைக்கும்,
மூன்று விரலையும் ஒரு மூலைக்குத் தள்ளி நெரிக்கும்.
ஆகவே அறுபத்து நான்கு.

அதோடு முடியவில்லை.
பத்தொன்பது அங்குல ரைசரில் நீள லிம்ப் பூட்டினால்
அறுபத்து நான்கு.
இருபத்தொன்றில் நடுத்தர லிம்ப் பூட்டினாலும்
அறுபத்து நான்கு.
ஒரே உயரம்தான்,
அதில் வளையாத கட்டை எவ்வளவு
வளைகிற பட்டை எவ்வளவு என்பதுதான் கேள்வி.
ஒரே மார்ச்சுற்று உள்ள இரண்டு பேருக்கு
ஒரே இடத்தில் டாட் பிடிக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை, திம்மராயப்பா தோப்பு.
கிரானைட் லாரி ஓட்டும் கெம்பராஜ் கையில் இருபத்தொன்று.
"கனம்தான் கையை நிறுத்தும், பிடிச்சுப் பாருங்க."
பிடித்தேன். நின்றது.
ஆனால் என் இடது கை ஏற்கெனவே நிற்கிற கை,
பதினெட்டு வருஷமாய் ஓடும் ஊசிக்குக் கீழே
துணியை நேர்கோட்டில் தள்ளுகிற கை.
சிக்கல் வலதில்.
ஊசி ஏறி இறங்கிய ஆள்காட்டி விரல்,
நகம் கோணலாய்த்தான் முளைத்தது.
அதற்கு முரட்டு நாண் ஆகாது.

பல் டாக்டர் நஸ்ரீன் தன் பத்தொன்பதைக் கொடுத்தாள்.
தாடை வரை வந்தது,
எண்ணெய் விட்ட மெஷின் போல
தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி.
விட்டேன். அம்பு எங்கே போனது என்று
முதலில் பார்க்கத் தோன்றவில்லை.

இன்னொரு முறை இழுத்தபோது மேல் லிம்ப்
பெங்களூரா மரத்தின் தாழ்ந்த கிளையில் உரசியது.
"இதுக்குத்தான் சின்ன வில்" என்றான் கெம்பராஜ்.
கிளைக்காகக் கையைக் குறைக்க முடியாது.
ஓரடி தள்ளி நின்றேன்.

பவுண்டு மட்டும் முப்பது போதும் என்றேன்.
நாற்பதில் ஒரு கண் இருந்தது.
ஆசைக்கு இஞ்ச் விடக் கூடாது,
இது தையலில் முதல் பாடம்.

மூன்று துண்டாய் வந்தது.
பூட்டி, நாண் ஏற்றாமல் நிறுத்தினால்
என்னைவிட இரண்டு அங்குலம் கூடுதல்.
துணி வாங்க வந்த பச்சியம்மாள் கேட்டாள்:
"கொசுவலைக் கம்பியா?"
ஆமாம் என்றேன். தைக்க ஆறு ரவிக்கை இருந்தது.

இரவு நாண் ஏற்றினேன்.
கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஏழேகால்.
விட்டால் சத்தம், தட்டு விழுந்த மாதிரி.
நாளைக்கு இன்னும் நான்கு முறுக்கு கொடுக்க வேண்டும்.