நோ

வந்த கிழமையே
பனையால் விழுந்த வல்லிபுரம்
"நோ, நோ" என்றார்.
வேண்டாம் என்கிறாராக்கும் என்று
டொக்டர் மார்ஜரி கையை எடுத்துவிட்டா.
அச்சுவேலி மிஷன் ஆசுப்பத்திரியில்
இங்கிலீசு தெரிந்த ஒரே கொம்பவுண்டர் நான்.
ஓடிப்போய்ச் சொன்னேன்:
அது மறுப்பில்லை அம்மா, வலி.

பதினொரு வருசத்தில் எல்லா நோவும்
அவவுக்கு அத்துப்படி.
நாரி நோ, பல்லு நோ,
வாங்கிலில் வெகுநேரம் இருந்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறவர்களின் நோ.

மருந்துக் கப்பல் வராத மாரி.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
நான் பெடலைக் கையால் சுற்ற,
டைனமோ வெளிச்சத்தில் அவ தைத்தா.
மயக்க மருந்து முடிந்து மூன்று நாள்.
செல் கிழித்த தொடை.
பொடியனுக்குப் பத்து வயதிருக்கும்,
நாவற்குழிப் பக்கமாம்.
பெயர் கேட்க நேரமில்லை.
அவன் வாய் திறக்கவேயில்லை,
முகட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தான்.

ஒவ்வொரு தையலுக்கும்
"நோ" என்று மெல்லச் சொன்னது
அவதான்.

எந்தப் பாசையில் என்று
நான் கேட்கவில்லை.
சுற்றிக்கொண்டிருந்தேன்,
நிறுத்தினால் இருண்டுவிடும்.