இருபத்திரண்டு யூரோ

மரிபோரில், பழைய பாலத்துக்கு இந்தப் பக்கம்
மின்சாதனக் கடை.
கண்ணாடி அலமாரியில் இரண்டு பிரஷ்கள்.
ஒரே வெள்ளை, ஒரே உயரம்.
ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லும் படத்தில்
யாரோ ஐந்தை அழித்துவிட்ட மாதிரி.
ஒன்றின் பெயர் முந்நூறு.
மற்றதன் பெயர் முந்நூற்றைம்பது.
அந்த ஐம்பது எதற்கு என்று
பெட்டியில் எழுதவில்லை.

கோட்டிலிருந்து மழை சொட்டுகிறது.
பல் மருத்துவர் கிழித்துக் கொடுத்த சீட்டு
பைக்குள் ஊறிவிட்டது.
அதிலும் பெயர் இல்லை, எண் இல்லை.
‘மெதுவாக’ என்று மட்டும் எழுதி
அடிக்கோடிட்டிருக்கிறார் டாக்டர் வோக்ரின்,
தாள் கிழிகிற அளவுக்கு.

ஈறு இறங்கிவிட்டதாம்.
கீழ்வரிசையில் மூன்று வேர்கள்
வெளியே எட்டிப் பார்க்கின்றனவாம்.
“நீங்கள் பல் தேய்ப்பதில்லை, திருமதி ஸ்தான்கா.
அடிப்பிடித்த சட்டி தேய்க்கிறீர்கள்.”
வாய் நிறையப் பஞ்சு.
பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான்
அவர் எப்போதும் பேசுவார்.

கடைப் பையன் வருகிறான். சட்டையில் பெயர்: யெர்னெய்.
இரண்டிலும் மோட்டார் ஒன்றே, என்கிறான்.
அதிர்வு ஒன்றே.
அரை நிமிடத்துக்கு ஒரு தரம் விக்கி
அடுத்த மூலைக்குப் போ என்பதும் ஒன்றே.
சார்ஜ் இரண்டு வாரம், இரண்டுக்கும்.
“பிறகு?”
“முந்நூற்றைம்பதில் கழுத்தருகே ஒரு விளக்கு.
அழுத்தினால் சிவக்கும்.
பயணத்துக்கு ஒரு டப்பாவும் தருவோம்.”

நான் எங்கேயும் போவதில்லை.
ஆக, ஒரு விளக்குக்கு இருபத்திரண்டு யூரோ.

இருபத்தாறு வருடமாகப்
பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முத்திரை குத்துகிறேன்.
மூன்றாம் பிரதியிலும் தெரிய வேண்டும் என்றார்கள், அந்தக் காலத்தில்.
கார்பன் தாள் ஒழிந்துபோன சேதி
கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.
பக்கத்து மேசை ஸ்வேட்கா
ஒவ்வொரு குத்துக்கும் காபிக் கோப்பையைத்
தூக்கிப் பிடித்துக்கொள்வாள்,
பேச்சை நிறுத்தாமலே.

நான் மூடிய குழாயை
இன்னொருவர் திறக்க முடியாது.
போயான் வீட்டை விட்டுப் போன அன்று
எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு
ஸ்பேனரை மட்டும் சமையல் மேடையில் வைத்தான்.
“இனி எனக்குத் தேவைப்படாது” என்றான்.
சண்டை எதுவும் போடவில்லை நாங்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்,
நிஜமாகவே.
தேய்ந்த கடைவாய்ப் பற்களைத் தடவிப் பார்த்து
எத்தனை வருடம் என்று டாக்டர் கணக்குச் சொல்லிவிட்டார்.

க்ராட்ஸிலிருந்து நேஷா பேசும்போது
சாப்பிட்டாயா, யாரோடு, ஏன் குரல் இப்படி,
சரி, ஏன் இப்படி?
எதிர்முனையில் ஒரு மௌனம் வரும்.
அப்போதெல்லாம் எங்கேயோ
சிவந்திருக்குமோ,
என் பிடரியில்,
எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்?

“அழுத்தினால் நின்றுவிடுமா?”
“நிற்காது. காட்டும், அவ்வளவுதான்.”
“தேய்க்கும்போது என் கண்ணுக்குத் தெரியுமா?”
பையன் யோசிக்கிறான். யாரும் கேட்டதில்லை போல.
“கண்ணாடியைப் பார்த்துத் தேய்த்தால் தெரியும்.”

மாதிரிக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
சிவப்பு.
கொஞ்சம் தளர்த்தினேன்.
சிவப்பு.
இன்னும் கொஞ்சம்.
இது தொடுவதே இல்லையே என்று நான் நினைத்த இடத்தில்
விளக்கு அணைந்தது.
இவ்வளவுதானா?
பையன் மரியாதைக்கு
வாஷிங்மெஷின்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முந்நூற்றைம்பதை வாங்கினேன்.
டப்பா வேண்டாம் என்றேன், விலை குறையாது என்றான்,
சரி, கொடு என்றேன்.
கல்லாவில் கார்டைச் செருகி
நான்கு இலக்கம் அடித்தேன்.
முதல் இலக்கத்துக்கே மெஷின்
மேசையில் ஒரு சாண் நகர்ந்தது.
யெர்னெய் ஒன்றும் சொல்லவில்லை.
மற்ற மூன்றுக்கும்
ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டான்.