ஒன்றை மட்டும் எடுத்துப்போனால்

சிம் லிம் டவர், மூன்றாம் மாடி.
திரு. கோ இரண்டு பெட்டிகளை
எதிரெதிரே நிறுத்தியிருந்தார், பெண் பார்க்கிற மாதிரி.
இடப்பக்கம் ஆம்ப் இல்லாதது,
எட்டு வருடமாக நாங்கள் சுமக்கிற வகை.
வலப்பக்கத்துக்கு முதுகில் விசிறியும் ஒரு நீல விளக்கும்.
சுவரில் செருகினால் தானே விழித்துக்கொள்ளும்.

"பழைய வகையே நல்லது லா," என்றார் கோ.
"கெட்டால் கூம்பை மாற்று, எண்பது வெள்ளி.
இது கெட்டால் போர்டு வரணும். ஆறு வாரம்."
விற்பவர் பேசுகிற பேச்சா இது?
இப்படிப் பேசுவதால்தான் இவரிடமே வருகிறோம்.

நான் மனதுக்குள் கேபிள்களை எண்ணினேன்.
பழையதற்கு, பெட்டிக்கு ஒன்று, விரல் தடிமன்.
புதியதற்கு இரண்டிரண்டு:
ஒன்றில் மின்சாரம் வரும், ஒன்றில் பாட்டு வரும்.
புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்செருகி
எப்போதும் தூணுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்,
மாப்பிள்ளை நிற்கிற பக்கம் இருந்ததே இல்லை.
குதிகால் செருப்புகள் தடுக்காமலிருக்க
மண்டியிட்டு ஒட்டுநாடா ஒட்டி ஒட்டி
என் முழங்கால்களுக்கு சிமெண்டின் நிறம்.

ஆனால் போன மாதம், புக்கிட் பாஞ்சாங்.
ஒரு நிச்சயதார்த்தம், இரவு ஒன்பது ஐம்பது.
ஆம்பில் சிவப்பு விளக்கு.
இரண்டு பெட்டிகளும் ஒரே நொடியில் செத்தன.
தூக்கிய கைகள் தூக்கியபடி.
மேலே ஏதோ ஒரு மாடியில் குக்கர் மூன்று விசில் அடித்தது,
மொத்தக் கூட்டமும் அதைக் கேட்டது.
இருபத்திரண்டு கிலோ இரும்புக்குப் பக்கத்தில் குந்தி
சஞ்சீவன் தன் சட்டையைக் கழற்றி விசிறினான்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவதுபோல.
பதினொரு நிமிடம்.
பெண்ணின் மாமா நூறு வெள்ளி குறைத்துக்கொண்டார்.
நிமிடத்துக்கு ஒன்பது வெள்ளி, என்று வேனில் கணக்குப் போட்டான்.
சிரித்தோம்,
ஓட்டிய ரொஸ்லானும் சேர்ந்து.

அதனால் முடிவோடுதான் வந்திருந்தேன்:
ஒன்று செத்தால் மற்றது பாடட்டும்.

கோ இரண்டிலும் ஒரே உறுமிப் பதிவை விட்டார்.
பழையதில் தோல் கேட்டது,
தோலில் குச்சி இழுபடுவது கேட்டது.
புதியதில் எல்லாமே கேட்டது, சுத்தமாக,
வாசிப்பவர் மூச்சு விடுவதுகூட.
எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் சஞ்சீவன்,
பெட்டியின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தபடி,
திரும்பாமலே கேட்டான்:
"இதில் ஒன்றை மட்டும் எடுத்துப்போனால்
தனியாக வேலை செய்யுமா?"

"செய்யும் லா. சின்ன விருந்துக்கு ஒன்று போதும்."

"ம்," என்றான்.

எட்டு வருடத்தில் ஒரு பெட்டி மட்டும் போகிற வேலையை
நாங்கள் எடுத்ததே இல்லை.

ஜோகூரில் அவன் வீடு பார்க்கிறான் என்று
ரொஸ்லான் ஒருமுறை வாய் தவறிச் சொன்னான்.
வாடகை மலிவு, அதற்காக இருக்கும் என்று
நானும் விட்டுவிட்டேன்.

பழையதைப் பங்கு போட முடியாது.
ஆம்ப் ஒருவருக்கு, பெட்டிகள் ஒருவருக்கு என்றால்
மிஞ்சுவது இரண்டு ஊமைகள்.
இவ்வளவு நாளும் அதை நான்
ஒரு குறையென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதியதையே வாங்கினோம். ஆளுக்குப் பாதி.
"ஒரு ரசீதா, இரண்டு ரசீதா?" என்றார் கோ.
இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து
இருவரும் நிறுத்திக்கொண்டோம்.
அவர் தானாகவே ஒன்று எழுதினார்,
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தேதி.

கீழே மழை பிடித்துக்கொண்டது.
அட்டைப்பெட்டிகளில் அடுத்தடுத்த எண்கள்:
நாற்பத்தொன்றில் முடிகிறது ஒன்று, நாற்பத்திரண்டில் மற்றது.
வேனுக்குள் ஏறி, ஒரே பட்டையில்
இரண்டையும் சேர்த்து இறுக்கினான் சஞ்சீவன்.
இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறை இழுத்தான்.

சனிக்கிழமை ஈசூனில் முந்நூறு பேர்.
அதற்கு இரண்டும் வேண்டும்.