துணியை விட்டு ஓடியவன்

அச்சாவ் ஊரில் மழை பெய்கிறதென்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் செய்தி.
சனிக்கிழமை, மூன்று மணி.
சிலோவே தீவுகளின் மரக்கோயில் ஒன்றின் பின்கூடத்தில்
விறகடுப்பின் மேல் கம்பி கட்டி
ஏழு ஜோடிக் காலுறைகள் காய்கின்றன.
ஈர ஆட்டு உரோம வாடை.
அதற்குள் என் கையின் சால்மன் வாடை,
எலுமிச்சை தேய்த்தும் போகாதது.

ஆலையில் எனக்கு மீன் அறுக்கும் வேலை.
மறைக்கல்விக்கு வேறு ஆள் கிடைக்காததால் நான்.
பங்குத்தந்தை ஒரே படகில் ஐந்து தீவு சுற்றுகிறவர்;
ஒரு சாவியையும் ஒரு பெட்டி விவிலியத்தையும்
என்னிடம் கொடுத்துவிட்டுக் கரையேறாமலே போனார்.
ஏழும் புதிது. முதுகு மடியாத புதிது.

பதினொரு வயதும் பன்னிரண்டு வயதும்.
வண்ணப் பென்சில் நீட்டினேன்:
"நாங்க என்ன குழந்தைங்களா?"
விளக்கம் சொன்னேன்: கொட்டாவி.
திருப்பலியில் சமாதானம் பகிர்வதுபோல்
ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போனது.
வினாடி வினா வைத்தேன்.
மிட்டாய் தீர்ந்தது, கேள்விகள் மீந்தன.

அன்றைக்குக் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு.
யஸ்னா, புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.
"என்ன?"
"ஒண்ணுமில்ல."
"என்ன?"
"இங்க ஒருத்தன் அம்மணமா ஓடுறான்."

ஏழு முதுகும் ஒரே நேரத்தில் முறிந்தன.
எந்தப் பக்கம், எந்தப் பக்கம்,
பதினாலாவது அதிகாரம், இன்னும் கீழ, கீழ!
தோட்டம். இரவு. தடியும் வாளுமாய் ஆட்கள்.
எல்லோரும் ஓடிய பிறகு ஒருவன்
வெற்றுடம்பில் துணி போர்த்திப் பின்னால் போகிறான்.
பிடிக்கிறார்கள்.
துணி அவர்கள் கையில், அவன் இருட்டில்.
அவ்வளவுதான். பெயர்கூட இல்லை.

சிரித்து முடிக்கப் பத்து நிமிடம்.
நான் அடக்கவில்லை.
அடக்கத் தெரிந்திருந்தால் முன்பே அடக்கியிருப்பேன்.

பிறகு வந்தவை என் பட்டியலில் இல்லாத கேள்விகள்:
அன்னிக்குக் குளிரா?
அது யாரோட துணி?
வீட்டுல என்னன்னு சொல்லியிருப்பான்?
இதைப் போய் ஏன் எழுதி வைக்கணும்?

நவுவேல் மட்டும் சிரிக்கவில்லை.
காலுறை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தபடி
அடுப்பிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"இறங்குதுறையில ரெமிஹியோவை அடிச்சாங்க இல்ல,
அப்போ நானும் இருந்தேன்.
என் ஜாக்கெட்டைப் பிடிச்சாங்க.
கழட்டிட்டு ஓடிட்டேன்.
அம்மாகிட்ட, கடல்ல விழுந்துடுச்சுன்னேன்."

ரெமிஹியோ அவன் அண்ணன்.
இன்னும் இடது காது சரியாகக் கேட்பதில்லை.

ஆலையில் முள்ளெடுக்க இடுக்கி தருவார்கள்.
இங்கே என்னிடம் ஒன்றும் இல்லை.
மரச்சில்லுக் கூரைமேல் மழை
தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.
ஒரு காலுறை கருகும் நாற்றம்.
யாரும் எழவில்லை.

"அவன் திரும்பி வந்தானா?"
"தெரியாது. எழுதலை."
"முழுசாப் படிச்சிருக்கீங்களா?"
படித்திருந்தேன்.
ஒருவனைத் தேடிக்கொண்டு படித்ததில்லை.

அவர்கள் தேடினார்கள்.
சேவல் கூவியது, தாண்டினார்கள்.
கூட்டம் கத்தியது, தாண்டினார்கள்.
சிலுவையில் மட்டும் விரல்கள் தாமாக மெதுவாயின;
தேட வந்ததை மறந்து மில்லாராய் உரக்க வாசித்தாள்,
குரல் ஓரிடத்தில் சிக்கி, மீண்டும்.
பிறகு கல் புரண்டிருந்தது.
உள்ளே வலப்புறம்
வெண்ணுடையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

யஸ்னா பின்னால் புரட்டினாள், விரல் வைத்தாள்,
முன்னால் புரட்டினாள்.
"அங்கயும் இளைஞன். இங்கயும் இளைஞன். அதே வார்த்தை."
"அது வானதூதர்," என்றேன்.
"தூதர்னு இங்க இல்லையே."
இல்லை.
நான் குனிந்து பார்த்தேன். உண்மையில் இல்லை.

"துணி கிடைச்சிருக்கு," என்றான் நவுவேல்,
யாரையும் பார்க்காமல்.

ஐந்து மணிப் படகு ஊதியது.
காலுறை மாட்டினார்கள்; கருகியது அவனுடையது.
அதையும் மாட்டிக்கொண்டு ஓடினான்.

விளக்கை அணைக்குமுன்
விவிலியங்களைப் பெட்டியில் அடுக்கினேன்.
ஆறு.
மறுபடி எண்ணவில்லை.