கூட்டக் குறிப்பில் சேராதவை

நான்கு கோடி டாலர்;
அதில் கால்வாசி வாசல் கண்ணாடிக்கு.
"பள்ளிக்கூடமா, ஏர்போர்ட்டா?" என்றார் லெவரெட்,
மேன் மாநிலப் பனியை முப்பது வருடம் அள்ளியவர்.
கட்டடக் கலைஞர் தியோடோரா வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார்.
சதுர அடிக்கு இன்ன விலை என்று
அதற்கும் ஒரு பக்கம் இருந்தது.
பாய்லரைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.
கீழ்த்தளத்தில் அது தன்பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது.

பத்தரைக்கு வாக்கெடுப்பு: ஏழுக்கு ஏழு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
எனக்கு ஓட்டில்லை, பேனாதான்.

நடுவில் துப்புரவாளர் ஓரின் வந்து
ஒழுகும் கூரைக்குக் கீழிருந்த வாளியைக்
காலால் அரையடி நகர்த்திவிட்டுப் போனார்.
சொட்டு, சரியாக உள்ளே.

அதை எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்:
தீர்மானம் ஒத்திவைப்பு.
அடுத்த கூட்டம் மார்ச் மூன்று.
கம்பளிக் கோட்டோடு வரவும்.