ஒற்றைப்படை

நோட்டரி லபூர்தின் பட்டியலில்
கடைசிப் பக்கம் நிலவறை.
வீடு விற்றாயிற்று. மேசை அவனுக்கு, கடிகாரம் எனக்கு.
மீதி நாற்பத்தொரு பாட்டில்கள்.
"ஆளுக்குப் பாதி" என்று எழுதியிருந்தார்
ஒரு சொட்டும் குடிக்காத அந்த மனிதர்.

படியிறங்கும்போது பஸ்தியென் விளக்கைப் பிடித்தான்.
அவன் மெதோக்கில் பிறந்தவன், சரளைக்கல் சீமை.
அங்கே வீட்டுக்குத்தான் பெயர்.
கோபுரம் வைத்த வீடு, அதன் படம் லேபிளில்.
நான் பர்கண்டிக்காரி, வோல்னே.
எங்களுக்கு மண்ணுக்குத்தான் பெயர்.
ஒரு வரப்பு தாண்டினால் வேறு பெயர், வேறு விலை,
சில இடங்களில்
பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு சித்தப்பா.

பதினேழு வருடம் இதற்காகச் சண்டை போட்டோம்,
வேறு எதற்கோ போட வேண்டியதை.

"இது ஆட்டுத்தொடைக்கு" என்று
தன் பெட்டியில் வைத்துக்கொண்டான்.
சரிதான். அவன் ஊர் ஒயின் இளவயதில் கடுக்காய்.
நாக்கைக் கவ்வும் துவர்ப்பு
கறிக்கொழுப்பு பட்டதும் பிடியைத் தளர்த்தும்.
ஒருமுறை வீம்புக்கு
அதையே கானாங்கெளுத்தி மீனோடு ஊற்றினான்.
இரும்புச் சாவியைச் சப்பியதுபோல் இருந்தது.
அவன் அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.
நான் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

என் பக்கம் பினோ நுவார்.
மெல்லிய தோல்; கோப்பைக்குப் பின்னால்
பிடித்திருக்கும் விரல் தெரியும்.
காளானோடு வை, வறுத்த கோழியோடு வை,
மழை விட்ட மரத்தடியை அதுவே கொண்டுவரும்.
காரத்தின் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதே,
முகம் சுருங்கிவிடும்.
"உன்னைப்போல" என்பான் பஸ்தியென் வழக்கமாக.
இன்று சொல்லவில்லை.
சொல்வானென்று ஒரு பாட்டில் நேரம் காத்திருந்தேன்.

ரோன் ஆற்றின் சிரா ஆறு.
நிற்கவே இடமில்லாத பாறைச்சரிவில்
முதுகுக்கூடையோடு பறித்தது.
மிளகே போடாமல் மிளகு மணக்கும்.
மூன்று அவனுக்கு, மூன்று எனக்கு.
கருமசியாய்க் கிடந்த கஹோர் இரண்டையும்
அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.
அதற்கு வாத்து வேண்டும்.
தனியாளுக்கு எதற்கு ஒரு முழு வாத்து?

ஆளுக்கு இருபது.
மூலையில் ஒன்று நின்றது. ஷினோன்.

அவன் ஊரும் அல்ல, என் ஊரும் அல்ல.
நாங்கள் குடியிருந்த இந்த ஆற்றங்கரை.
வெள்ளைக்கல்லை வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள்,
வெட்டிய குழி நிலவறையானது,
அதே கல்லில்தான் இந்தக் கொடிக்கும் வேர்.
விருந்தாளிக்கு ஒருநாளும் ஊற்றியதில்லை.
செவ்வாய்க்கிழமை ஒயின்.

லபூர்துக்கு அரை பாட்டில் கணக்கில் வராது.

மேலே சமையலறையில்
கோப்பைகளெல்லாம் தாளில் சுற்றிக் கட்டியாயிற்று.
கடுகு விழுது வந்த கண்ணாடிக் குடுவைகள் இரண்டு கிடைத்தன.
குளிர்ப்பெட்டியில் நேற்றைய மசூர்ப் பருப்பு,
பாதி சாஸேஜ்,
நடுவில் வைக்கோல் செருகிய ஆட்டுப்பால் சீஸ்.
வேறு நாளென்றால்
"இந்தச் சீஸுக்கு வெள்ளை ஒயின்தான்" என்று
கரண்டியைத் தட்டியிருப்பேன்.

குடுவை லேசாகக் குளிர்ந்திருந்தது.
சீவிய பென்சில், பச்சைக் குடைமிளகாய்,
அதற்கும் பின்னால் ஏதோ சிவப்புப் பழம்.
கபெர்னே ஃபிரான்.
அவன் ஊர்க் கலவைகளில் மூன்றாம் ஆளாய்
ஓரத்தில் நிற்கும் திராட்சை.
இங்கே தனியாக நிற்கிறது,
நன்றாகவே நிற்கிறது.

சாஸேஜ் ஒத்துக்கொண்டது. சீஸும்தான்.
இருவரும் அதைக் கவனித்தோம்,
இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவன் சொன்னான்:
"பருப்பில் உப்பு குறைவு."

உப்புக்குடுவை அவன் பெட்டியில் இருந்தது,
அடியில், மூன்று சுற்றுக் கயிற்றுக்குள்.
எழுந்து போய்
கயிற்றை அறுத்தான்.