நாற்பது கண்ணி

தலவாக்கலையில் மூன்று நாளாய் மழை.
ரீலோட் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நான்,
உடைந்த குடையின் இரண்டு கம்பி,
ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிப் பிரித்த
யாரோ ஒருவரின் நீலச் சுவெட்டர்.

முதலில் கையுறை.
கட்டைவிரலை மறந்துபோனேன்.
இப்போது அது கேத்தல் பிடியில்.

பிறகு தொப்பி.
அண்ணனுக்கு என்று தொடங்கியது
ரைஸ்குக்கருக்குப் பொருந்தியது.
அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை,
சோறு சூடாக இருந்தது.

மஃப்ளராவது நேராக வரட்டும் என்று
நாற்பது கண்ணியில் ஆரம்பித்தேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
"தங்கச்சி, நூறு ரூவா போடுங்க."
நூற்றொன்று, நூற்றிரண்டு...
வரிசைக்கு வரிசை
ஒரு வாடிக்கையாளர் நுழைந்துவிட்டார்.
கழுத்துக்குத் தொடங்கிய துணி
தோள் தாண்டி, முழங்கை வரை விரிந்து
மூன்று மூலையாய் நின்றது.

பிரிக்கப் போனேன்.
பஸ்ஸுக்கு ஒதுங்கிய பாக்கியமேரி
கேளாமலே எடுத்துப் போர்த்திக்கொண்டாள்,
லிந்துலை வரைக்கும் கொண்டுபோயும்விட்டாள்.

இன்று காலை அழைக்கிறாள்:
மதினிக்கும் ஒன்று வேண்டுமாம்,
அச்சு அசலாய் அதே மாதிரி.

கம்பியை வைத்துக்கொண்டு
வாசலைப் பார்க்கிறேன்.
மழை விட்டிருக்கிறது.
கடைக்கு ஒருவரும் வரவில்லை.
நாற்பது கண்ணி
நாற்பதாகவே இருக்கிறது.